குளத்தில் உப்பு ஏறுகிறது, மீன் சாகவில்லை: பிறகு என்ன கெட்டுப்போகிறது?

#1 கடைமடை
கடலிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, டெல்டாவின் வால்பகுதியில் உள்ள ஊர்க்குளம். பரப்பு இரண்டு ஏக்கர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். ஜனவரி தொடக்கத்தில் ஈ.சி. (உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்தும் அளவு) 900 மைக்ரோசீமென்ஸ், மே கடைசியில் 3,400. கோடை முழுக்கப் போர் தண்ணீர் விட்டு மட்டத்தைக் காத்திருக்கிறார்கள். ஏப்ரலில் கலங்கல் போய்த் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் கரும்பச்சை. கட்லா, ரோகு ஒன்றுகூட மிதக்கவில்லை. "மீன் நல்லாத்தானே இருக்கு, உப்பைப் பத்தி என்ன கவலை?" என்பது குத்தகைதாரர் கேள்வி. பதில் சொல்லும்படி இங்கே யாராவது விளக்குங்கள்.

#2 செவுள்
மீனை மட்டும் பார்த்தால் குத்தகைதாரர் சொல்வது தப்பில்லை. 3,400 மைக்ரோசீமென்ஸ் என்றால் உப்புத்தன்மை ஏறக்குறைய 1.8 பி.பி.டி., அதாவது லிட்டருக்கு 1.8 கிராம் உப்பு. நன்னீர் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, 9 முதல் 10 பி.பி.டி. நீருக்குச் சமம். வெளியே இருக்கும் நீர் அதைவிட நீர்த்தது என்பதால் உடம்புக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். மீன் அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றி, போகிற உப்பைச் செவுள் வழியாக எரிசக்தி செலவழித்துத் திரும்ப இழுக்கும். வெளியே உப்பு கொஞ்சம் கூடினால் இந்த வேலை குறையத்தான் செய்யும். விரலிகளை லாரியில் ஏற்றும்போது தொட்டியில் கல்லுப்பு போடுவதன் கணக்கு இதுதான்.

கெண்டைகளுக்குச் சிக்கல் தொடங்குவது 4, 5 பி.பி.டி.க்கு மேல்: தீனி எடுப்பது குறையும், எடை ஏறாது. 9, 10ஐத் தாண்டினால் உடம்பின் இயந்திரமே எதிர்த்திசையில் ஓட வேண்டும், கெண்டைக்கு அந்தத் திறமை இல்லை. திலேப்பியாவுக்கு உண்டு. கொடுவாவும் மடவையும் சிரமமில்லாமல் இரண்டு பக்கமும் போய் வரும்.

ஆனால் இதெல்லாம் வளர்ந்த மீனின் கணக்கு. கெண்டை முட்டை கருவுற்றதும் தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்ப வேண்டும். வெளியே உப்பு கூடினால் அந்த உப்பல் குறைந்து பொரிப்பும் குறையும். உங்கள் குளத்தில் வெளியிலிருந்து குஞ்சு வாங்கித்தானே விடுகிறார்கள்? அதனால் இந்த நட்டம் யார் கண்ணிலும் படாது. குளத்திலேயே முட்டையிட்டுப் பெருகும் குரவை, உளுவை, கெளுத்தி வகைகளையும் தவளை முட்டையையும் கவனியுங்கள்.

#3 நுண்வலை
கேள்வியில் இருக்கும் "கண்ணாடி மாதிரி தெளிந்தது, பிறகு கரும்பச்சை" என்ற வரிதான் முழுக் கதை. இரண்டு தனித்தனி வேலைகள் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன.

முதல் வேலை களிமண்ணுடையது. களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பவை. உப்பு அயனிகள் கூடியதும் தள்ளுதல் தளர்ந்து, துகள்கள் திரண்டு அடியில் படியும். தண்ணீர் சுத்தமானதாகத் தோன்றும். உண்மையில் வெளிச்சத்துக்குக் கதவு திறந்துவிட்டது, அவ்வளவே.

இரண்டாவது வேலை அந்த வெளிச்சத்தில் பெருகும் பாசியை மேய ஆள் இல்லாமல் போனது. குளத்துப் பாசியை வடிகட்டித் தின்கிற பெரிய மேய்ப்பர்கள் டாஃப்னியா, மொய்னா போன்ற நீர்த்தெள்ளுகள். உப்புக்கு முதலில் அடிபடுகிறவர்களில் இவர்களும் சேர்த்தி. இவர்கள் போன பிறகு மிஞ்சுவது சக்கரப்பூச்சி, துடுப்புக்காலி என்ற நுண்ணிய மிதவை உயிர்களில் சில. சக்கரப்பூச்சியின் வாய் சிறியது, பெரிய பாசித் திரள்களை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்களே பார்த்துவிடலாம். 60 மைக்ரான் அளவுள்ள வலைத்துணியில் பை தைத்து, வாளியால் 50 லிட்டர் தண்ணீரை அதில் ஊற்றி வடிகட்டுங்கள். மிஞ்சியதை வெள்ளைக் கிண்ணத்தில் கொட்டி வெயிலில் பிடியுங்கள். தத்தித்தத்திக் குதிக்கும் கடுகளவு உருண்டைகள் தெரிந்தால் நீர்த்தெள்ளு இருக்கிறது. வெடுக்கென்று நேர்கோட்டில் பாயும் ஊசிமுனைகள் மட்டும் என்றால் துடுப்புக்காலிதான் மிச்சம். விடியலில் எடுங்கள், பகல் ஏற ஏற நீர்த்தெள்ளு ஆழத்துக்கு இறங்கிவிடும்.

எண்களும் வேண்டுமென்றால்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1988இல் வைத்த நீண்டகால வரம்பு லிட்டருக்கு 230 மில்லிகிராம் குளோரைடு. கனடா 2011இல் வைத்தது 120. அவ்வளவும் போதாது என்று 2022இல் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஏரிகளில் தொட்டிகள் வைத்துச் செய்த சோதனை காட்டியது: பெரும்பாலான இடங்களில் அந்த வரம்புகளின் அளவிலோ அதற்குக் கீழேயோ நீர்த்தெள்ளு வகைகள் பாதியாகக் குறைந்தன. உங்கள் 3,400 மைக்ரோசீமென்ஸில் குளோரைடு மட்டுமே ஆயிரத்தை ஒட்டி இருக்கும்.

#4 குட்டைக்காரர்
நுண்வலை ஐயா, பனியை உருக்கச் சாலையில் உப்புக் கொட்டுகிற ஊர் வரம்பை இங்கே கொண்டுவந்து பொருத்துவது எனக்கு ஒப்பவில்லை. அங்கே மழைநீர் மாதிரி மென்மையான ஏரி. இங்கே ஆண்டுதோறும் கோடையில் சுண்டி, ஐப்பசியில் நிரம்பும் குளம். 230 மில்லிகிராம் குளோரைடு நம்முடைய குடிநீர்த் தரத்தின் விரும்பத்தக்க அளவான 250ஐ விடக் குறைவு. வேறு வழி இல்லாவிட்டால் 1,000 வரை குடிக்கவே அனுமதி இருக்கிறது. அந்த நீரில் பூச்சி வாழாது என்றால் எப்படி?

இன்னொன்று: பண்ணையில் உப்பு மருந்து. நைட்ரைட் ஏறி ரத்தம் பழுப்பாகும்போது குளோரைடுதான் மீனைக் காப்பாற்றுகிறது.

#5 நுண்வலை
நியாயமான மறுப்பு. பாதியை ஒத்துக்கொள்கிறேன்.

கடின நீரில் குளோரைடின் நஞ்சு குறையும் என்பது உண்மை. சுண்ணாம்புச் சத்து செவுளின் சவ்வை இறுக்கிப் பிடிப்பதால் உப்பு கசிவது குறைகிறது. ஒரே அளவு குளோரைடு மென்னீரில் கொல்லும், கடின நீரில் கொல்லாது. ஆகவே 230 என்பதை நம் குளத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சுண்டி நிரம்பும் குளத்து உயிர்களுக்குத் தாங்கும் வழி இருப்பதும் சரி: நீர்த்தெள்ளு நிலைமை கெட்டால் தடித்த ஓட்டுக்குள் உறங்குமுட்டை போட்டுச் சேற்றில் விட்டுவிடும், நல்ல நீர் வந்ததும் அது பொரிக்கும்.

குடிநீர் ஒப்பீடு மட்டும் பொருந்தாது. மனிதன் தண்ணீரைக் குடிக்கிறான், சிறுநீரகம் வழியாக வெளியேற்றுகிறான். பூச்சி அதற்குள்ளேயே வாழ்கிறது, மேல்தோல் முழுக்கத் தண்ணீரில். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைச் சுரங்கப் பகுதி ஓடைகளுக்கு 2011இல் வைத்த அளவு வெறும் 300 மைக்ரோசீமென்ஸ். அதற்கு மேலே போனால் மேஃபிளை என்ற நீர்ப்பூச்சியின் இனங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்குகின்றன. நம் சமவெளிக் குளம் பிறக்கும்போதே 500, 600. எனவே அந்த எண் நமக்கில்லை, ஆனால் எந்தக் கூட்டம் முதலில் போகும் என்ற வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: மேஃபிளை, நீர்த்தெள்ளு, நன்னீர் மட்டியின் குஞ்சுகள் முன்னால், தட்டான் குஞ்சுகள், வண்டுகள், ரத்தப்புழு பின்னால்.

மட்டியைப் பற்றி ஒரு சொல். அதன் குஞ்சு மீனின் செவுளில் தொற்றிக்கொண்டுதான் அடுத்த பருவத்தைக் கடக்கும். தொற்றுவதற்கு முன் தண்ணீரில் திரியும் சில நாளில் அதற்கு உப்பு ஆகவே ஆகாது. கிழட்டு மட்டிகள் பத்து, இருபது ஆண்டுகள் சேற்றில் உயிரோடு கிடக்கும். "மட்டி இருக்கே" என்று நினைப்போம், இளசு ஒன்றுகூட இருக்காது.

#6 தராசு
உப்பு மருந்து என்பதற்கு அளவு சொல்லாமல் விட்டால் யாராவது மூட்டையைப் பிரித்துவிடுவார்கள். நைட்ரைட் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் குளோரைடு பத்துப் பங்கு இருந்தால் போதும். ஒரு ஏக்கர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 6,000 கனமீட்டர். நைட்ரைட் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கிறது என்றால் வேண்டிய குளோரைடு 10 மில்லிகிராம். உப்பில் 60 சதவீதம் குளோரைடு, ஆக 100 கிலோ உப்பு. அதே குளத்தில் 1 பி.பி.டி. ஏற்ற வேண்டுமென்றால் ஆறு டன் வேண்டும். மருந்துக்கும் பிரச்சினைக்கும் நடுவில் அறுபது மடங்கு. கடைமடையின் குளத்தில் குளோரைடு ஏற்கெனவே ஆயிரத்தை ஒட்டி இருப்பதால் நைட்ரைட்டுக்கென்று ஒரு கைப்பிடிகூடத் தேவையில்லை.

இப்போது கடைமடையின் எண்களுக்கு வருகிறேன், அவை எனக்கு உதைக்கின்றன. ஜனவரி முதல் மே முடிய சுமார் 150 நாள். நாளுக்கு சராசரி 4.7 மில்லிமீட்டர் ஆவியானால் 70 சென்டிமீட்டர். ஆவி உப்பைத் தூக்கிப் போகாது. அந்த 70 சென்டிமீட்டரையும் போர் தண்ணீரால் நிரப்பினால், ஒன்றரை மீட்டர் குளத்தில் போர் தண்ணீர் ஈ.சி.யின் 47 சதவீதம் வந்து சேரும். 900 என்பது 3,400 ஆக வேண்டுமென்றால் போர் தண்ணீர் 5,300 இருக்க வேண்டும். கசிவு இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். போர் தண்ணீரை அளந்தீர்களா?

அளக்கும்போது: கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். பேனாவை நம்பாதீர்கள். அது அளப்பது ஈ.சி.யைத்தான், உள்ளே 0.5 அல்லது 0.7 என்று ஏதோ ஒன்றால் பெருக்கிக் காட்டும். இரண்டு பேனா இரண்டு விடை சொல்லும். ஈ.சி. மீட்டரை 1,413 மைக்ரோசீமென்ஸ் திட்டக் கரைசலில் சரிபார்த்து, 25 டிகிரிக்குத் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் வித்தியாசம் வரும். திருத்தம் இல்லாத மீட்டர் 34 டிகிரி வெயிலில் 18 சதவீதம் கூட்டிச் சொல்லும். இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் ஒளிவிலகல்மானி 2 பி.பி.டி.க்குக் கீழே உதவாது.

#7 கடைமடை
போர் தண்ணீர் 3,100, திருத்தம் உள்ள மீட்டர். ஆய்வகத்தில் குளத்து மேல்நீரின் குளோரைடு 980 என்று வந்தது.

#8 தராசு
3,100இல் 47 சதவீதம் சுமார் 1,450. பழைய 900ஐக் கூட்டினால் 2,350. மிச்சம் ஆயிரத்துக்கு மேல் வேறு எங்கிருந்தோ வருகிறது. நீங்கள் அளந்தது மேல்நீர் மட்டும் என்றால் உண்மையான இடைவெளி இன்னும் பெரிதாகவே இருக்கும். அடிநீரை எடுத்துப் பாருங்கள்: அரை லிட்டர் கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தில் கல்லைக் கட்டி, வாய்க்குத் தக்கை போட்டு, தக்கைக்குத் தனி நூல். அடிக்கு இறக்கிய பிறகு நூலை வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆழத்து நீர் மட்டும் நிறையும். சேற்றைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிறுத்துங்கள். ஓரம், நடு, மதகுப் பக்கம் மூன்று இடத்தில்.

#9 கிணத்தடி
யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். போர் தண்ணியே 3,100 எண்டால் அங்கேயும் கடல் வரத் தொடங்கியாச்சு. எங்கட சுண்ணக்கல் நிலத்தில் இது பழைய பாடம்: நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேல வில்லை மாதிரி மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் நல்ல தண்ணி நிண்டால், கீழே நாற்பது மீட்டர் நல்ல தண்ணி இருக்கும். மறுபக்கமும் அதே கணக்குத்தான்: இறைச்சு அரை மீட்டர் இறக்கினால் கீழிருந்து சவர் இருபது மீட்டர் ஏறும். அதனால் குளத்தை நிரப்பப் போர் போடுறது, சவரைக் கீழிருந்து இழுத்து மேலே ஊத்துற வேலை. இறைக்கத்தான் வேணுமெண்டால் ஒரே மூச்சில் ஆறு மணித்தியாலம் இறைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாய் விட்டுவிட்டு இறையுங்கோ.

நுளம்பையும் சேருங்கோ. டெங்கு நுளம்பு நல்ல தண்ணியில் மட்டும்தான் பெருகும் எண்டுதான் எல்லாரும் நம்பினது. 2011இல் எங்கட நாட்டுக் கரையோரத்தில் 15 பி.பி.டி. வரை உவர் ஏறின பாழ்கிணறுகளிலும் எறிஞ்ச பாத்திரங்களிலும் அதன் குடம்பிகளைக் கண்டு எழுதியிருக்கினம். சவர்க்கிணறு எண்டு மூடாமல் விடக்கூடாது.

#10 நொய்யல்கரை
எல்லாரும் ஈ.சி. ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்த உப்பு என்பது எங்கே? ஒரே 3,400 பல விதமாக வரலாம். திருப்பூர் சாயக்கழிவில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட். சாயத்தை நூலில் ஏற்றுவதற்குப் போடுவது. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடிக்கப்பட்டது, தேங்கியது இந்தக் கழிவு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு பற்றி எல்லோரும் இன்னும் தீவிரமாகப் பேசினார்கள்.

நீர்த்தெள்ளுக்கு ஒரே எடையில் பொட்டாசியம் மிகக் கொடியது, மெக்னீசியமும் பைகார்பனேட்டும் அடுத்து, குளோரைடு அதற்கும் பின்னால், சல்பேட் கடைசி. "சல்பேட் தானே" என்று விட்டுவிடவும் முடியாது. காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர் சல்பேட்டைச் சல்ஃபைடாக மாற்றும், அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்தச் சல்ஃபைடு சேற்றிலுள்ள இரும்பைக் கவ்விக்கொள்ளும். இரும்பு பிடித்துவைத்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மேலே வரும். பாசிக்கு வெளியிலிருந்து உரமே தேவையில்லை. கூடவே சோடியம் சேற்றில் ஒட்டியிருந்த அம்மோனியத்தையும் தள்ளிவிடும்.

கடைமடைக்கு: கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. அடியில் கடல்நீர் தேங்கினால் இந்த முழு வேலையும் உங்கள் குளத்தில் நடந்துகொண்டிருக்கும்.

#11 குட்டைக்காரர்
கரும்பச்சை நிறம் பற்றி ஒரு சந்தேகம். ஜெர்மனி, போலந்து எல்லை ஆற்றில் மீன் கூண்டோடு செத்ததே, அந்தப் பாசி இங்கே வருமா?

#12 செவுள்
ஓடர் ஆறு, 2022 ஜூலை, ஆகஸ்ட். சுமார் 360 டன் மீன் செத்தது. சுரங்கக் கழிவின் உப்பு, குறைந்த நீரோட்டம், வெப்பம் மூன்றும் சேர்ந்து ப்ரிம்னீசியம் பார்வம் என்ற பொன்னிறப் பாசி பெருகியது. அது உவர்நீர்ப் பாசி. நன்னீர் ஆறு உவரானதால் அதற்கு இடம் கிடைத்தது. அதன் நஞ்சு செவுளின் சவ்வைப் பொத்தலாக்கும். மட்டி, நத்தைகளும் செத்தன.

உங்கள் குளத்தில் அதுதான் என்று சொல்ல மாட்டேன், கரும்பச்சை பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. ஆனால் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மீன் விடியற்காலையில் வாயைப் பிளந்து மிதந்து, ஆக்சிஜன் மீட்டர் 2க்குக் கீழே காட்டினால் அது மூச்சுத்திணறல், ஏரேட்டர் போட்டால் பிழைக்கும். ஆக்சிஜன் நிறைந்து, பி.எச். 9ஐ நெருங்கி, அப்போதும் செவுளில் ரத்தம் கசிந்து மீன் செத்தால் நஞ்சு. ஓடரில் அப்படித்தான், ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்த இடத்தில் மீன் செத்தது. அதற்கு ஏரேட்டர் பயனில்லை; பாசியை நுண்ணோக்கியில் பார்க்க 100 மில்லி தண்ணீரை லூகோல் அயோடின் சில சொட்டு விட்டுத் தேநீர் நிறத்தில் எடுத்து வையுங்கள்.

#13 கடைமடை
அடிநீர் எடுத்தாயிற்று. ஓரத்தில் 3,500. நடுவில் 5,200. மதகுப் பக்கக் குழியில் 7,900, பாட்டிலைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். வலையில் நீர்த்தெள்ளு ஒன்றுகூட இல்லை, பாயும் ஊசிமுனைகள் மட்டும்.

#14 தராசு
அதுதான் காணாமல் போன ஆயிரம். மதகு எந்த வாய்க்காலில் திறக்கிறது? கடலுக்குப் போகும் வடிகாலா? பௌர்ணமி, அமாவாசை ஓதத்தன்று ஷட்டருக்கு வெளியே வாய்க்கால் நீரை அடியில் அளங்கள். கனமான உப்புநீர் வாய்க்காலின் தரையோடு ஏறி வரும், மேலே அளந்தால் தெரியாது.

#15 நொய்யல்கரை
வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த அடிநீரை எடுத்தே ஆக வேண்டும். மழை பெய்தால் எல்லாம் சரியாகும் என்று விட்டால் நடப்பது இது: புது நன்னீர் மேலே போர்வை போல நிற்கும், கீழே சல்ஃபைடு நீர் மூடிக்கிடக்கும், அடுத்து வரும் பெருங்காற்று இரண்டையும் கலக்கும், மறுநாள் விடியலில் மீன் மிதக்கும். உப்பைத் தாங்கிய மீன் கலப்பில் சாகும்.

மதகைத் திறந்தால் மேல்நீரும் சேர்ந்து போகும். 4 அங்குல பி.வி.சி. குழாயில் சைபன் போடுங்கள். உறிஞ்சும் வாய் குழியின் அடியில், சேற்றுக்கு ஒரு சாண் மேலே, வாயில் கல் கட்டி வலை சுற்றி. வெளி வாய் குளமட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இருந்தால் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் எதிர்பார்க்கலாம். குழிப்பகுதி அரை ஏக்கர், உப்புநீர் 30 சென்டிமீட்டர் என்றால் 600 கனமீட்டர், பதினாறு மணி நேர வேலை. கடல் வற்றமாக இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். வயல் வாய்க்காலில் விடாதீர்கள். வெளி வாயில் மணிக்கொரு முறை ஈ.சி. பாருங்கள், 4,000க்கு இறங்கியதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் போவது நல்ல தண்ணீர்.

#16 குட்டைக்காரர்
கடைசியாக என் பக்கத்துக்கு ஒன்று. உப்பை முழுக்க அடைப்பதும் நல்லதில்லை. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே 1970களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்தது, குட்டநாட்டு நெல்லுக்கு உப்பு வரக்கூடாது என்று. ஷட்டர் மூடிய மாதங்களில் உவர் வராததால் ஆகாயத்தாமரை காயலை மூடியது. முன்பெல்லாம் உப்பு ஏறும்போது அது தானே அழுகிப்போகும். அந்தப் பக்கக் கருமட்டியும் இனப்பெருக்கத்துக்கு உவர் கேட்கிற உயிர். நெல்காரருக்கும் மட்டி அள்ளுபவருக்கும் ஷட்டர் திறக்கும் நாளில் ஆண்டுதோறும் சண்டை.

#17 நுண்வலை
அது கழிமுகம், உவரும் நன்னீரும் மாறிமாறி வருவதற்கென்றே வாழும் உயிர்கள். ஊர்க்குளம் அப்படி இல்லை. ஆனாலும் உங்கள் எச்சரிக்கையை ஏற்கிறேன்: அடிநீரை எடுத்தபின் அவசரப்பட்டு வேறு எதையும் கொட்ட வேண்டாம். முதல் மழைக்குப் பிறகு மூன்றாவது, நான்காவது வாரம் வலையை மறுபடி போடுங்கள். சேற்றில் உறங்குமுட்டை மிச்சமிருந்தால் நீர்த்தெள்ளு அப்போது தெரியும். வரவில்லை என்றால், பக்கத்தில் உப்பேறாத குளத்துச் சேற்றை ஒரு வாளி கொண்டுவந்து ஓரத்தில் விடலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கும் குளத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

#18 கடைமடை
அமாவாசை ஓதத்தில் அளந்தேன். ஷட்டருக்கு வெளியே வாய்க்காலின் மேல்நீர் 4,600, அடிநீர் 19,000. ஷட்டர் பலகைக்கும் தளத்துக்கும் நடுவில் ரப்பர் பட்டை தேய்ந்து, ஒரு விரல் நுழையும் இடைவெளி. நீளம் 1.2 மீட்டர்.

#19 தராசு
அந்த ஒரு விரல்தான். பட்டையின் அகலமும் தடிப்பும், போல்ட் துளைகளின் இடைவெளியும் எடுத்துப் போடுங்கள். தளத்துக் கான்கிரீட் அரித்திருக்கிறதா என்றும் கையால் தடவிப் பாருங்கள். அரித்திருந்தால் புதுப் பட்டை போட்டாலும் கசியும், முதலில் தளத்தைச் சமன் செய்ய வேண்டும். சைபன் அதற்குப் பிறகுதான். கசிவை வைத்துக்கொண்டு சைபன் ஓட்டினால் குளமட்டம் இறங்கி, அடுத்த ஓதம் இன்னும் வேகமாக உள்ளே வரும்.